கோட்டைச்சாமி ஏன் குரங்கைப் பிடிக்கவில்லை

போன மாதம் எங்கள் பழைய அலுவலகத்துப் பிள்ளைகள் நாலைந்து பேர் விளாங்குடியில் என் வீட்டுக்கு வந்திருந்தார்கள். "அக்கா, இப்ப எங்க பாத்தாலும் சின்னப்பிள்ளைல படிச்ச கார்ட்டூன் ஆளுகளத் தூக்கிட்டு வந்து, அவங்களுக்குக் கல்யாணம், கடன், சண்டைன்னு பெரியவங்க கதை பண்றாங்க. நம்ம ஊர்ல அத மொதல்ல செஞ்சது நீங்கதானாமே?" என்று கேட்டார்கள். ஆமாம், நான்தான். இதில் அடக்கம் காட்ட ஒன்றும் இல்லை. என் வீட்டுக்காரர் ராமர் அடுப்படியிலிருந்து, "கேட்டுட்டீங்கள்ல, இனி பொழுது சாய்ஞ்சாலும் விட மாட்டா. நான் காப்பியப் போடுறேன்" என்றார். அன்று சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன், அவர் குறுக்கே பேசியதைக் கழித்துவிட்டு.

என் பெயர் பேச்சியம்மாள். படத்தின் ஓரத்தில் 'பேச்சி' என்று போடுவேன். சொந்த ஊர் எழுமலை. அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் காட்டில் கூலிக்குப் போய், பிறகு சொந்தமாக ஒரு துண்டு நிலம் வாங்கியவர்கள். நான் மிஷன் பள்ளிக்கூட விடுதியில் தங்கிப் படித்தேன். கரித்துண்டு கிடைத்தால் சுவரில் வார்டனை வரைவேன், அடி வாங்குவேன். ஓவியப் பரீட்சைகளை எழுதிவிட்டு மதுரையில் ஒரு சிறுவர் வாரப் பத்திரிகையில் படம் போடச் சேர்ந்தேன். என் படிப்பு அவ்வளவுதான். மீதி எல்லாம் ஆசிரியர் செல்லத்துரை சாரிடம் வாங்கிய குட்டு.

செல்லத்துரை சார் ஒரு காலத்தில் தமிழ் வாத்தியாராக இருந்தவர். சத்தம் போட மாட்டார். படக்கதைப் பக்கத்தைக் கொண்டுபோய் வைத்தால் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, பேசுகிறவர் தலைக்கு மேல் வரும் பலூன்களை உள்ளங்கையால் ஒவ்வொன்றாக மூடுவார். எழுத்தைப் பார்க்கவே மாட்டார். படத்தை மட்டும் பார்த்துக்கொண்டே போவார். கதை புரிந்துவிட்டால் பக்கம் தேறியது. புரியவில்லை என்றால் காகிதத்தை நம் பக்கமாகத் திருப்பித் தள்ளுவார், ஒரு வார்த்தை இருக்காது. 'நல்லா இருக்கு' என்று அவர் சொல்லி யாரும் கேட்டதில்லை. ரொம்பப் பிடித்துவிட்டால், "அடுத்து என்னா?" என்பார். அந்த இரண்டு வார்த்தைக்காக நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

எங்கள் பத்திரிகையின் உயிர் கடைசிப் பக்கம். அழகர்கோவில் மலையடிவாரத்தில் ஒரு மாந்தோப்பு. அதற்குக் காவல்காரர் கோட்டைச்சாமி, பெரிய மீசை, கையில் கம்பு. அவர் சம்சாரம் பவளம், கையில் எப்போதும் கரண்டி. மலையிலிருந்து இறங்கி வரும் குரங்கு சுக்கு. சுக்கு எதையாவது பிடுங்கிக்கொண்டு ஓடும். கோட்டைச்சாமி துரத்துவார், விழுவார். பவளம் கரண்டியோடு வந்து புருஷன் மண்டையில் ஒன்று போடுவாள். வாராவாரம் இதேதான். பிள்ளைகள் பத்திரிகையைப் பின்பக்கத்திலிருந்துதான் திறப்பார்கள்.

முதலில் வரைந்தவர் வேலையை விட்டுப் போனதும் அந்தப் பக்கம் என்னிடம் வந்தது. கோட்டைச்சாமியைக் காலிலிருந்து மேலே வரைய வேண்டும். மீசையில் ஆரம்பித்தால் மீசையே பக்கத்தைத் தின்றுவிடும், ஓடுகிற ஓட்டம் வராது. சுக்குவின் வால் நுனி எப்போதும் அடுத்த கட்டத்தைக் காட்டிக்கொண்டு இருக்க வேண்டும், படிக்கிற கண் அதைப் பிடித்துக்கொண்டு போகும். பென்சிலில் ஓட்டத்தைப் பிடித்துவிட்டு மையை மூச்சை அடக்கிக்கொண்டு ஒரே இழுப்பில் இழுக்க வேண்டும். நின்று யோசித்தால் அந்த இடத்தில் கோடு வீங்கிவிடும். பவளத்தைத்தான் நான் அதிகம் மெனக்கெட்டு வரைந்தேன். ஏன் என்று அப்போது கேட்டிருந்தால் சொல்லத் தெரிந்திருக்காது.

ஒரு முறை, வீடு வெறிச்சென்று இருக்கிறதே என்று பவளம் வீட்டு உத்தரத்தில் ஒரு தொட்டிலைப் போட்டுவிட்டேன். செல்லத்துரை சார் காகிதத்தைத் திருப்பித் தள்ளினார். அன்று அதிசயமாகப் பேசவும் செய்தார்.

"அந்த வீட்டுல பிள்ளை கெடையாதும்மா. படிக்கிற பிள்ளைதான் அந்த வீட்டுப் பிள்ளை. நீ இன்னொண்ணக் கொண்டுவந்து போட்டீன்னா, வாசல்ல நிக்கிற பிள்ளை திரும்பிப் போயிரும்."

தொட்டிலை அழித்தேன். அப்போது எனக்குக் கல்யாணம் ஆன புதிது. ராமர் மின்சார வாரியத்தில் லைன்மேன். வருஷங்கள் போயும் எங்களுக்குப் பிள்ளை பிறக்கவில்லை. ஆஸ்பத்திரி பார்த்தோம், கோயில் பார்த்தோம், பிறகு இரண்டையும் விட்டோம். "ஊர்ப் பிள்ளைக்கெல்லாம் படம் போடுறா, பாவம்" என்று என் காதில் விழும்படியே பேசுவார்கள். அந்தப் 'பாவம்' இருக்கிறதே, அதைக் கேட்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். நான் என்ன பாவம்? மூக்கு முட்டச் சாப்பிடுகிறேன், சம்பாதிக்கிறேன், என் புருஷன் என்னைச் சிரிக்க வைக்கிறார்.

காலம் மாறியது. பிள்ளைகள் போனுக்குப் போனார்கள், சிறுவர் பத்திரிகை நின்றது. நான் ஒப்பாரி வைக்கவில்லை. கம்ப்யூட்டர் பலகையில் வரையக் கற்றுக்கொண்டேன், மை கொட்டாத வேலை யாருக்குக் கசக்கும்? செல்லத்துரை சார் அதற்கு முன்பே ஓய்வு பெற்றுவிட்டார். முதலாளியின் மகள் வித்யா பொறுப்புக்கு வந்து, பெரியவர்களுக்கான மாத இதழ் ஒன்றை ஆரம்பித்தார். கெட்டிக்காரப் பெண். "பேச்சியக்கா, அன்னைக்குக் கடைசிப் பக்கம் படிச்சதுக இன்னைக்கு நாப்பது வயசு ஆளுக. அவங்களுக்காக கோட்டைச்சாமியத் திரும்பக் கொண்டு வாங்க. ஆனா பெரியவங்க கதையா இருக்கணும்" என்றார்.

கதை எழுத, விளம்பரத்துக்கு வாசகம் எழுதிக்கொண்டிருந்த கண்ணன் வந்தான். முதல் கதையைக் கொண்டுவந்து நீட்டினான். பவளம் குளித்துவிட்டு ஈரச் சேலையோடு நிற்கிறாள், சுக்கு மாற்றுச் சேலையைப் பிடுங்கிக்கொண்டு ஓடுகிறது, இப்படிப் போகிறது கதை.

"தம்பி, இது பெரியவங்க கதை இல்ல. வளராதவங்க கதை" என்றேன்.

கோபப்படுவான் என்று பார்த்தால் சிரித்துவிட்டான். காகிதத்தைக் கசக்கிப் போட்டுவிட்டு, "அப்ப பெரியவங்க கதைன்னா என்னாக்கா? நீங்களே சொல்லுங்க" என்றான்.

எனக்கும் தெரியவில்லை. வீட்டுக்கு வந்து இதையே யோசித்துக்கொண்டிருந்தேன். பிள்ளைகள், குரங்குக்கு வாழைப்பழம் கிடைத்ததா என்று மட்டும்தான் கேட்கும். பெரியவர்கள் வேறு கேட்பார்கள். ஏன் இந்த ஆள் இத்தனை வருஷமாக ஒரு குரங்கைப் பிடிக்கவில்லை? பிடிக்கத் தெரியாதவனை யார் காவலுக்கு வைத்திருப்பார்கள்? மறுநாள் ராமர் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது அவரிடமே கேட்டேன்.

"ஏங்க, கோட்டைச்சாமி அம்புட்டு வருசமா ஒத்தக் கொரங்கப் பிடிக்க முடியாமலா ஓடுறான்?"

அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே, "பிடிச்சிட்டா அப்புறம் அந்த வீட்டுக்கு யாரு வருவா?" என்றார். சொல்லிவிட்டு, "ரசத்த ஊத்து" என்றார்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. ரசச் சட்டியோடு நின்று அழுதேன். அவர் பதறிப்போய், "உப்புக் கூடிப்போச்சா?" என்று கேட்டார். அந்த மனுஷனுக்குத் தான் என்ன சொன்னோம் என்று இன்றுவரை முழுசாகத் தெரியாது.

அதைக் கண்ணனிடம் சொன்னேன். "அக்கா, கதை முடிஞ்சிருச்சு. இனி வரையிற வேலைதான்" என்றான். அப்படித்தான் கோட்டைச்சாமி திரும்ப வந்தார். அதே தோப்பு, அதே ஓட்டம், அதே விழுதல். ஆனால் இப்போது உற்றுப் பார்த்தால் தெரியும், சுக்குவை எட்டிப் பிடிக்கும் தூரம் வந்ததும் அவர் கால் கொஞ்சம் தாமதிக்கும். ஏனென்றால் குரங்கு வந்த அன்றைக்குத்தான் பவளம் சிரிக்கிறாள். பவளத்துக்கும் அது தெரியும். அவள் கரண்டியை ஓங்குவாள், அடி விழாது. மறுகட்டத்தில் அவர் முழங்காலுக்கு எண்ணெய் போட்டுக்கொண்டு இருப்பாள். ஜன்னலில் ஒரு பழம் அதிகமாக இருக்கும், யார் வைத்தார்கள் என்று இருவரும் கேட்டுக்கொள்ள மாட்டார்கள்.

வாசகர்கள் தூக்கி வைத்துக்கொண்டார்கள். போனிலும் பரவியது. 'பவளம் அக்கா சௌக்கியமா?' என்று எனக்கே செய்தி போடுவார்கள். வித்யா அந்தத் தொடரை நம்பித்தான் இதழின் அட்டையையே மாற்றினார்.

பிறகுதான் அந்த வளைகாப்புக் கதை வந்தது.

எங்கள் பக்கத்து வளைகாப்பு எப்படி நடக்கும் என்று தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். மாசமாக இருக்கிற பெண்ணை மணையில் உட்கார வைத்து, பிள்ளை பெற்ற சுமங்கலிகளை ஒவ்வொருவராகப் பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள். அவர்கள் போய் சந்தனம் பூசி வளையல் போடுவார்கள். பிள்ளை இல்லாதவளை யாரும் 'வராதே' என்று சொல்ல மாட்டார்கள். 'வா, சாப்பிடு, பந்தியக் கவனி' என்பார்கள். வளையல் போடுகிற நேரத்தில் மட்டும் கூப்பிடுகிறவள் கண் நம்மைத் தாண்டி அடுத்தவளிடம் போய்விடும். நான் அதைப் பலமுறை பார்த்தவள். என் கொழுந்தன் சம்சாரம் செல்வி, நல்லவள்தான், அவள் வீட்டு விசேஷங்களிலும் அப்படித்தான். சண்டை போட முடியாது, ஏனென்றால் யாரும் ஒன்றும் சொல்லவில்லையே. எனக்கு அது ஆறாத ரணம். அதைத்தான் வரைய வேண்டும் என்று கண்ணனிடம் சொன்னேன்.

கதை இதுதான். பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கு வளைகாப்பு. பவளம் காலையிலிருந்து கிளறி வைத்த சோற்று வகைகளைத் தூக்கிக்கொண்டு போகிறாள். மடியில் அவள் வாங்கிய கண்ணாடி வளையல். ஒவ்வொருவராகக் கூப்பிடுகிறார்கள். பவளம் கடைசி வரிசையில். சுக்கு ஓட்டுக் கூரையைப் பிரித்து இறங்கி வளையல் தட்டைப் பிடுங்குகிறது. கோட்டைச்சாமி வழக்கம்போலப் பாய்கிறார். சுக்கு நேராகப் போய்ப் பவளத்தின் மடியில் தட்டை வைத்துவிட்டு உட்கார்ந்துகொள்கிறது. கோட்டைச்சாமி நிற்கிறார், இந்தத் தொடரிலேயே முதல் முறையாக ஓடாமல் நிற்கிறார். கடைசிக் கட்டத்தில், மாசமான பெண் மணையிலிருந்து எழுந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு கடைசி வரிசைக்கு நடந்து வந்து, பவளத்திடம் கையை நீட்டுகிறாள்.

கண்ணன் கடைசிக் கட்டத்துக்கு அந்தப் பெண் பேசுவதாக நல்ல வசனம் எழுதியிருந்தான். 'பெத்தாத்தான் தாயா அக்கா?' என்று ஆரம்பித்து உருக்கமாகப் போகும். வரைந்து முடித்ததும் பழக்க தோஷத்தில் பலூன்களைக் கையால் மூடிப் பார்த்தேன். கதை அப்படியே நின்றது. கையை எடுத்ததும் கதை சின்னதாகிவிட்டது. எல்லா வசனத்தையும் எடுத்துவிட்டு, பேச்சே இல்லாத பக்கமாக அனுப்பினேன். கண்ணனிடம் சொன்னபோது முகம் சுருங்கினான், பிறகு, "எனக்கும் அப்படித்தான் தோணுச்சு, சொல்ல மனசு வரல" என்றான்.

இங்கேதான் வந்தது வினை. எங்கள் அலுவலகத்தில் பக்கம் கோர்க்கிறவர் ஜாகிர் பாய். கம்ப்யூட்டரில் படம் ஒரு லேயர், அதன் மேல் கண்ணாடித்தாள் போல எழுத்து இன்னொரு லேயராகத்தான் அவரிடம் போகும். கோப்பு மாறும்போது எழுத்து மட்டும் விழுந்துபோவது அடிக்கடி நடக்கிற கூத்து. விழுந்தால் யாரையும் கேட்டுக்கொண்டிருக்காமல் கண்ணன் முன்னதாக அனுப்பும் வசனக் கோப்பிலிருந்து எடுத்துப் பொருத்திவிட வேண்டும் என்பது அவருக்கு இருந்த உத்தரவு. அவர் ஒழுங்காக வேலை செய்தார். அச்சுக்கு முன் சரிபார்க்கிற புரூஃப் என் கைக்கு வந்தபோது பக்கம் முழுக்க வசனம்.

நான் புரூஃபைத் தூக்கிக்கொண்டு வித்யா அறைக்குப் போனேன். அவர் அதற்குள் படித்துக் கண் கலங்கி உட்கார்ந்திருந்தார்.

"பேச்சியக்கா, இந்த வசனம் பிரமாதம்."

"அது வரக் கூடாது. தப்பா ஏறியிருக்கு. எடுக்கச் சொல்லுங்க."

அவர் முகம் மாறியது. கெட்டிக்காரப் பெண் என்று சொன்னேனே, அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. "அக்கா, ஏற்கெனவே அப்பா சொல்றாரு, மாசமா இருக்க பிள்ளை எந்திரிச்சுப் போறதெல்லாம் அமங்கலம்னு சந்தாதாரருக சண்டைக்கு வருவாங்கன்னு. வசனம் இருந்தா நம்ம என்ன சொல்றோம்னாவது வெளங்கும். வெறும் படத்தப் போட்டா, ஒண்ணு அச்சுப் பிழைன்னு நெனப்பாங்க, இல்ல அவங்க இஷ்டத்துக்கு அர்த்தம் பண்ணுவாங்க. வம்பாச்சுன்னா தொடரையே நிறுத்துன்னு அப்பா சொல்லிட்டாரு."

"நிக்கிறதா இருந்தா நிக்கட்டும் வித்யாம்மா" என்றேன். குரல் உயர்ந்துவிட்டது. "நானும் ஓய்வுக்குப் போற வயசுதான். இது என் கதை. எத்தனை வருசமா கடைசி வரிசையில உக்காந்தவ நான். அங்க யாரும் பேச மாட்டாங்க. திட்டவும் மாட்டாங்க, கூப்பிடவும் மாட்டாங்க. பேசாமதான் அடிப்பாங்க. அத வசனத்துல சொன்னா பொய்யாப் போயிரும்."

ஜாகிர் பாய் சத்தம் கேட்டு உள்ளே வந்து நின்றிருந்தார். "அக்கா, எழுத்து விழுந்துருச்சுன்னு நெனச்சுப் போட்டுட்டேன். மாப்பு" என்றார். நான் அவரைப் பார்க்கவில்லை. புரூஃபை மேஜையில் வைத்து, இரண்டு உள்ளங்கையாலும் கடைசிக் கட்டத்தின் வசனத்தை மூடினேன். "இப்பப் பாருங்க" என்றேன்.

வித்யா பார்த்தார். எழுந்து வரும் பெண்ணின் பாதம், நீட்டிய மணிக்கட்டு, பவளத்தின் முகம். பவளம் அழவில்லை, சிரிக்கவில்லை. நம்பலாமா என்று பார்க்கிறாள். அந்த முகத்தை நான் எத்தனை முறை அழித்து வரைந்தேன் என்று எனக்கே தெரியாது. வித்யா தன் கையை வைத்து மேல் கட்டங்களின் வசனங்களையும் ஒவ்வொன்றாக மூடிப் பார்த்தார்.

"ஜாகிர் பாய், எல்லாத்தையும் எடுத்துருங்க" என்றார். "அப்பாகிட்ட நான் பேசிக்கிறேன்."

இதழ் வந்தது. முதல் நாள் ஒரு பெரியவர் போனில் கூப்பிட்டு, சாஸ்திரம் தெரியாத பொம்பளை என்று என்னைத் திட்டினார். "சாஸ்திரம் தெரியாதுங்கய்யா, சங்கடம் தெரியும்" என்று சொல்லி வைத்துவிட்டேன். மறுநாளிலிருந்து பெண்கள். அழைப்புக்கு மேல் அழைப்பு. பலர் விசும்பிவிட்டு வைத்தார்கள். வளையல் போட்ட கையைப் படம் எடுத்து அனுப்பினார்கள் சிலர். தேனிப் பக்கமிருந்து ஒரு மாமியார், "எம் மருமக ஒருத்தி கடைசில உக்காந்திருந்தத நான் பாத்துக்கிட்டே இருந்திருக்கேம்மா" என்று மட்டும் சொன்னார். அந்த மாத இதழை மறுபடி அச்சடிக்க வேண்டி வந்தது. முதலாளி தானே வந்து கண்ணனையும் ஜாகிர் பாயையும் என்னையும் நிற்க வைத்துச் சால்வை போட்டார், ஜாகிர் பாய், "எழுத்தப் போட்டதுக்கா, எடுத்ததுக்கா?" என்று கேட்டு எல்லாரையும் சிரிக்க வைத்தார். அன்று சாயங்காலம் செல்லத்துரை சாரிடமிருந்து போன். உடம்புக்கு முடியாமல் இருந்தார், குரல் தேய்ந்திருந்தது. "அடுத்து என்னா?" என்றார். நான் குதிக்காத குறை.

ஆனால் நான் ஜெயித்தேன் என்று எனக்குத் தோன்றியது அன்றைக்கு இல்லை.

சில மாதம் கழித்து எழுமலையில் கொழுந்தன் மகள் சுகன்யாவுக்கு வளைகாப்பு. போகவே மனசில்லை. ஊரெல்லாம் கொண்டாடிய பிறகு சொந்த வீட்டில் ஒதுக்கினால் முன்னைவிட அதிகமாக வலிக்கும் என்று பயந்தேன். ராமர்தான், "வா, சோறாவது நல்லா இருக்கும்" என்று இழுத்துக்கொண்டு போனார். மண்டபத்தில் பின்னால் ஒரு நாற்காலியில் உட்கார்ந்தேன். சுகன்யாவை மேடையில் போட்ட மணையில் உட்கார வைத்தார்கள். வேப்பங்குச்சியை வளைத்துச் செய்த காப்பைத்தான் முதலில் போடுவது வழக்கம். செல்வி அதைக் கையில் எடுத்துக்கொண்டு நின்றாள். யார் பெயரையும் கூப்பிடவில்லை. நாற்காலிகளுக்கு நடுவில் புகுந்து நேராக என்னிடம் வந்தாள்.

"அக்கா, வாங்க. மொதக் காப்பு நீங்க போடுங்க."

எனக்கு நாக்கு சும்மா இருக்குமா? "இப்பத்தான் கண்ணு தெரிஞ்சுச்சாக்கும்" என்றேன்.

"தெரிஞ்சுச்சு. திட்டணும்னா போட்டுட்டு வந்து திட்டுங்க" என்றாள். அவள் கண்ணெல்லாம் தண்ணீர்.

முன்வரிசையில் யாரோ ஒரு கிழவி, "இது என்னா புதுப் பழக்கம்" என்று முனகினாள். சுகன்யா மணையிலிருந்தபடியே, "ஆமா அம்மாச்சி, புதுசுதான்" என்றாள். நான் போனேன். எத்தனையோ நுணுக்கமான கோடு இழுத்த கைக்கு, ஒரு வேப்பங்காப்பைப் பூட்ட வரவில்லை. சுகன்யா என் கையைப் பிடித்துக்கொண்டாள். சந்தனத்தைப் பூசினேன், நெற்றியில் குங்குமம் வைத்தேன். என் வாழ்நாளில் அப்படி ஒரு சந்தோஷம் எனக்கு வந்ததில்லை.

இறங்கத் திரும்பியபோது எனக்குப் பின்னால் மூன்று பேர் நின்றார்கள். ஒருத்தி செல்வியின் தங்கை, புருஷனை இழந்தவள். ஒருத்தி கல்யாணமே வேண்டாம் என்று இருந்துவிட்ட டீச்சர். இன்னொருத்தியை எனக்குத் தெரியாது, என்னைப்போலக் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தவள். அவர்களை யாரும் கூப்பிடவில்லை. அவர்களாகவே எழுந்து வந்திருந்தார்கள். நான் சந்தனக் கிண்ணத்தை முன்னால் நின்றவள் கையில் கொடுத்துவிட்டு, நகர்ந்து வழிவிட்டேன்.